சத்தமில்லாமல் வாசித்தவன்

கஜேந்திரனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது பாராட்டினால் நம்பிவிடுவான். அந்தப் பாராட்டுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று மனசுக்குத் தெரிந்திருந்தாலும் சரி, கேட்ட பிறகு கொஞ்ச நேரத்துக்காவது நம்பிவிடுவான். இந்த வயதில் அவன் பட்ட வெட்கத்தில் பாதி இந்தப் பழக்கத்தால் வந்தது. மீதிப் பாதி ஒரு பேஸ் கிட்டாரால் வந்தது.

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்கில், அதாவது மேல் பிரிவில், அவனுக்கு வீடு. வீடென்றால் என்ன வீடு, பழைய லயத்தில் நடுக் காம்பரா. வரிசையாகக் குடும்பங்கள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம் போய் நின்றுவிடும். அதற்கு மேலே எல்லாம் பொது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் கடைசி வீட்டுக்காரனுக்கு எச்சில் ஊறும். புருஷன் பெண்டாட்டி சண்டையென்றால் பக்கத்து வீட்டில் தீர்ப்பே சொல்லிவிடுவார்கள். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ரகசியம் பேச வேண்டுமென்றால் தேயிலை மலைக்குள் போய்ப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் அவனுக்கு வேலை. மனைவி தனலெட்சுமி கொழுந்து பறிக்கிறாள். ஒரே மகள் தயானி கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். தயானியைப் பெற்ற வருஷம் வந்த ஒரு காய்ச்சல் தனலெட்சுமியின் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. வலது காதில் மட்டும் கொஞ்சம் மிச்சம். அந்தக் காதோடு வாயை வைத்து அடித்தொண்டையில் கத்தினால் விளங்கும். மற்றபடி முகத்தைப் பார்த்து, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். தன் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று தெரியாததால் அவள் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவாள். லயத்துக்கு அது பழகிப்போயிருந்தது.

அப்படிப்பட்டவளுக்காகத்தான் இவன் கிட்டார் எடுத்தான் என்றால் நம்புவீர்களா? ஆனால் அதுதான் நடந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஷாஹ்மியின் இசைக்குழு வந்திருந்தது. லுணுகலைப் பையன், கீபோட் வாசிப்பான், குழுவுக்குத் தலைவனும் அவன்தான். மேடைக்குக் கீழே ஒரு ஓரத்தில் பேஸ் கிட்டாருக்கென்று ஆள் இடுப்பளவில் ஒரு கறுப்பு ஸ்பீக்கர் பெட்டி. அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் நெஞ்சு அடைக்கிறது என்று சனம் விலகி உட்கார, இடம் கிடைத்ததே என்று தனலெட்சுமி அங்கே போய் உட்கார்ந்தாள். எழும்பும்போது பிடிமானத்துக்காகப் பெட்டியில் கையை ஊன்றினாள். ஊன்றியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க! இங்க வாங்க! இது எனக்குக் கேக்குதுங்க! கையில கேக்குது!"

அவள் போட்ட சத்தத்தில் கோயில் சனமே திரும்பிப் பார்த்தது. அவள் யாரையும் கவனிக்கவில்லை. உள்ளங்கையைப் பெட்டியில் அழுத்திக்கொண்டு, பாட்டு ஏறும்போது புருவத்தை ஏற்றி, இறங்கும்போது இறக்கி, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலுக்கு முன்பு ரேடியோவில் பாட்டுப் போட்டால் அடுப்படியிலிருந்து கூடவே பாடுகிறவள் அவள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு கஜேந்திரனுக்கு மேடையில் நடந்த எதுவும் காதில் ஏறவில்லை.

கொஞ்ச காலத்தில் அந்தக் குழுவின் பேஸ்காரன் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். கிட்டாரை ஷாஹ்மிக்கே விற்றுவிட்டுப் போனான். திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் பெட்டி தூக்கிக் கொடுத்த பழக்கத்தில் கஜேந்திரன் ஷாஹ்மியிடம் போய் நின்றான்.

"தம்பி, அந்தக் கிட்டார நான் பழகட்டுமா?"

"அண்ணே, இந்த வயசுலயா? தமாஷ் பண்ணாதீங்க."

"எங்க வீட்டுல அவளுக்கு அது ஒன்னுதான் தம்பி கேக்குது."

ஷாஹ்மி நல்ல பையன். அதற்கு மேல் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கிட்டாரை உறையோடு எடுத்துக் கையில் கொடுத்தான்.

போனில் பாடம் பார்த்துப் பார்த்து கஜேந்திரன் பழகினான். ஸ்டோரில் வேலை முடிந்து பகலில் வீட்டுக்கு வருவான். அதுதான் பழகக் கிடைத்த நேரம். ஆனால் பக்கத்து வீட்டு வீரய்யா தோட்டத்து வாச்சர். ராத்திரியெல்லாம் காவல் காத்துவிட்டுப் பகலில்தான் தூங்குவார். சுவரோ பாதிச் சுவர். பெட்டி வைத்து வாசித்தால் மனிதர் கட்டிலோடு ஆடிப்போவார். அதனால் கஜேந்திரன் பெட்டியே இல்லாமல் வெறும் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தான். பேஸ் கிட்டாரைப் பெட்டியில்லாமல் வாசித்தால் கொசு ரீங்காரம் மாதிரி இருக்கும். தன் காதுக்கே கேட்க வேண்டுமே என்று கம்பியை இழுத்து இழுத்துச் சுண்டினான். மாட்டைக் கட்டுகிற கயிற்றை இழுப்பது போல இழுத்தான். வேலை முடிந்து வந்தால் தனலெட்சுமி எதிரில் உட்கார்ந்து கிட்டாரின் மரத்தில் கையை வைத்துக்கொள்வாள். அவளுக்கு அதுவே சந்தோஷம். பல மாதம் இப்படிப் போனது. பாட்டெல்லாம் விரலுக்கு வந்துவிட்டது என்று இவன் மெய்யாகவே நம்பினான்.

லுணுகலை டவுனில் முன்ஸிப் முதலாளியின் ஹாட்வெயார் கடைக்கு மேலே ஒரு அறையில்தான் குழு ஒத்திகை பார்க்கும். அங்கே முதன்முதலாக வயரைப் பெட்டியில் செருகி ஒரு கம்பியைச் சுண்டினான். ஐயோ! சுண்டியது ஒரு கம்பி, கத்தியது நாலு கம்பி. தொடாத கம்பியெல்லாம் கூடச் சேர்ந்து "ங்ங்" என்று முனகியது. இடது கை விரலைத் தூக்கினால் அந்தக் கம்பி தானாக ஒரு தடவை கூவியது. விரலை நகர்த்தினால் 'கிரீச்'. இழுத்துச் சுண்டிய பழக்கத்தில் கம்பி போய்க் கட்டையில் அடித்து 'டக் டக்' என்று வேறு ஒரு சத்தம். பாட்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

ட்ரம்ஸ் அடிக்கிற ரமேஸ் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, வர்றப்ப ஸ்டோரு மிஷினையும் தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். கஜேந்திரனும் சேர்ந்து சிரித்தான். காது மடல் இரண்டும் கொதித்தது. வயரில் பிழை என்றான், வயரை மாற்றினார்கள். கரண்டில் பிழை என்றான், வேறு பிளக்கில் செருகினார்கள். கம்பி பழசு என்றான், புதுக் கம்பி போட்டார்கள்; புதுக் கம்பி முன்னதை விடக் கணீரென்று முனகியது. பிறகு பாத்திரம் கழுவுகிற ஸ்பொஞ்சை நறுக்கிக் கம்பிகளுக்கு அடியில் அடைத்துப் பார்த்தான். முனகல் நின்றது. அதோடு கிட்டாரின் உயிரும் நின்றது.

"பூசணிக்காயத் தட்டுற மாதிரி இருக்கண்ணே. அத எடுத்துருங்க," என்றான் ஷாஹ்மி.

உண்மையான வழி போனில் பாடம் நடத்துகிறவர் சொன்னதுதான். ஒரு கம்பியை வாசிப்பது பாதி வேலை, மற்றக் கம்பிகளைப் பேசவிடாமல் வைத்திருப்பது மீதி வேலை என்றார் அவர். வலது கைக் கட்டை விரல் தடித்த கம்பிகளின் மேல் சாய்ந்திருக்க வேண்டும். இடது கையில் அழுத்துகிற விரல் போக மற்ற விரல்கள் சும்மா இருக்கக் கூடாது, படுத்தாற்போல மெல்லிய கம்பிகளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். விரலைச் சட்டென்று தூக்கக் கூடாது. பிடியை மட்டும் தளர்த்தி, கம்பி அடங்கிய பிறகு விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, மெதுவாகச் சுண்ட வேண்டும். மெதுவாக வாசித்தால் இதெல்லாம் கஜேந்திரனுக்கும் வந்தது. பாட்டு ஓட ஆரம்பித்தால் கை பழைய குணத்துக்குப் போய்விடும். பெட்டியில்லாமல் மாதக்கணக்காக ஊறிய பழக்கம் இல்லையா, அது அவ்வளவு சுலபத்தில் போகுமா?

போகிற வரைக்கும் பொறுத்திருந்தால் கதையே வேறு. ஆனால் கலியாண மாதம் வந்துவிட்டது.

பதுளையில் ஒரு மண்டபத்தில் கலியாண வரவேற்பு. கஜேந்திரனுக்கு முதல் மேடை. வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, தலைக்கு எண்ணெய் எல்லாம் வைத்து ஜம்மென்று நின்றான். முதல் பாட்டிலேயே கை பழைய குணத்துக்குப் போனது. கம்பியை இழுத்துச் சுண்டியது, நாலு கம்பியும் ஒன்றாகக் கிளம்பியது. பாட்டு முடிந்ததும் பொண்ணுக்கு மாமாவாம், பட்டு வேட்டி கட்டிய ஒரு பெரிய மனிதர், மேடையடிக்கு வந்து சத்தமாகக் கேட்டார்.

"தம்பி, கரண்ட்தான் இருக்கே, பெறகு எதுக்கு ஜெனரேட்டர் போடுறீங்க?"

முன்வரிசை முழுதும் சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தான். தலை குனிந்து உட்கார வேண்டிய மணப்பெண் கூட வாயைப் பொத்திக்கொண்டாள். கஜேந்திரனுக்கு மேடை இரண்டாகப் பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. அடுத்த பாட்டுக்கு ரமேஸ் குச்சி தட்டத் தொடங்கினான். கஜேந்திரனின் கை கிட்டாரில் இருந்த வொலியூம் திருகுக்குப் போனது. திருகைக் கடைசி வரைக்கும் குறைத்துவிட்டான்.

பிறகு வாசித்தான். விரல் ஓடியது, தலை ஆடியது, கால் தாளம் போட்டது. சத்தம் மட்டும் இல்லை. பேஸ்காரன் போன நாளிலிருந்து ஷாஹ்மி கீபோட்டிலேயே இடது கையால் அந்தத் தாழ்ந்த சுரங்களைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தவன்தான். அந்தப் பழக்கத்தை அவன் விடவுமில்லை. வேறு பெட்டிகளில் வந்த அந்தச் சத்தமே சபைக்குப் போதுமாக இருந்தது.

நிகழ்ச்சி முடிந்து வயர் சுற்றும்போது ஷாஹ்மி தோளில் தட்டினான்.

"மொதப் பாட்டு கொஞ்சம் அப்பிடி இப்பிடித்தான். பெறகு என்னண்ணே, அவ்வளவு சுத்தமா இருந்துச்சே! கை படிஞ்சிருச்சு ஒங்களுக்கு."

"ஆமா தம்பி, கொஞ்சம் கவனமா வாசிச்சேன்," என்றான் இவன்.

சொன்னது மட்டுமல்ல, வேனில் திரும்பி வரும்போது பதுளையைத் தாண்டுவதற்குள் அதை நம்பவும் தொடங்கிவிட்டான். வீட்டுக்கு வந்து தனலெட்சுமியிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான்: எல்லாரும் கை தட்டினார்கள், தலைவனே பாராட்டினான். அவள் அடுத்த நாள் பெரட்டில் எல்லாப் பெண்களிடமும் அதைச் சொன்னாள். பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுகிற இடம். அங்கே ஒன்றைச் சொன்னால் தோட்டம் முழுவதற்கும் சொன்ன மாதிரி.

அதற்குப் பிறகு அவனால் திருகைக் கூட்ட முடியவில்லை. இந்தத் தடவை மட்டும், இந்தத் தடவை மட்டும் என்று ஒவ்வொரு மேடையிலும் குறைத்துக்கொண்டே போனான். ஒத்திகையில் கொஞ்சமாகச் சத்தம் வைப்பான். மேடையில் அதுவும் இல்லை. வீட்டில் பழகுவதும் நின்றுபோனது. சத்தமே போடாத கைக்குப் பயிற்சி எதற்கு? கிட்டாரை உறையில் போட்டு மூலையில் சாத்திவிட்டான். தனலெட்சுமி "இன்னைக்கு வாசிக்கலியா?" என்று கேட்டால், களைப்பு என்பான். நல்லவேளை, நிகழ்ச்சியெல்லாம் தூரத்தில் நடந்தது, அவள் வரவில்லை.

இந்த வருஷம் திருவிழா வந்தது. சொந்தத் தோட்டம், சொந்தக் கோயில், சொந்தச் சனம். ஷாஹ்மியின் குழுவில் மேல்கணக்கு ஆள் ஒருத்தன் வாசிக்கிறான் என்று கோயில் கமிட்டிக்கே பெருமை. தனலெட்சுமி மாம்பழ நிறத்தில் சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, பாட்டுத் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே வந்து அந்தக் கறுப்புப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் வாசிக்கிறது எனக்கு இதுல கேக்கும்," என்று வருகிற போகிற எல்லாரிடமும் சொன்னாள். மேடையில் நின்றவனுக்கு அது நன்றாகவே கேட்டது.

முதல் பாட்டுக்கு முன்னால் அவன் கை திருகுக்குப் போகத்தான் செய்தது. கூட்டினால் என்ன, கத்தினால் கத்தட்டும், அவளுக்குக் கேட்குமே என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தான். ஸ்டோர் ஆட்கள் முன்னால். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மச்சான்மார், சித்தப்பன்மார் எல்லாரும் இருந்தார்கள். பதுளை மண்டபத்துச் சிரிப்பு மறுபடியும் காதில் விழுந்த மாதிரி இருந்தது. அங்கே சிரித்தவர்கள் யாரோ எவரோ. இங்கே சிரித்தால் சாகும்வரைக்கும் சிரிப்பார்கள். கையை எடுத்துக்கொண்டான்.

பாட்டுத் தொடங்கியது. தனலெட்சுமி பெட்டியில் கையை வைத்தாள். சிரித்த முகத்தோடுதான் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு கையை வேறு இடத்துக்கு மாற்றினாள். இன்னும் கொஞ்சம் கீழே வைத்துப் பார்த்தாள். இடது கையை வைத்தாள், இரண்டையும் சேர்த்து வைத்தாள். இரண்டாவது பாட்டில் கையைப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மூன்றாவது பாட்டின் நடுவில் கையை எடுத்து, விரித்து, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்திலிருந்தவள் ஏதோ கேட்க, தலையை மட்டும் ஆட்டினாள்.

கஜேந்திரன் எல்லாவற்றையும் பார்த்தான். ஒரு விரலளவு திருகு, அதைத் திருப்பினால் போதும். திருப்பவில்லை. பார்த்துக்கொண்டே தலையை ஆட்டி ஆட்டி வாசித்தான். சீ என்று தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. அப்போதும் கால் தாளம் போட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவள், "நல்லா வாசிச்சீங்க, எல்லாரும் சொன்னாங்க," என்றாள். கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனால் ஒரு பாராட்டை நம்ப முடியவில்லை.

மழையில் பாதை சறுக்கியதால் வேனில் எல்லாச் சாமானும் ஏற்றவில்லை. பேஸ் பெட்டி கஜேந்திரன் வீட்டிலேயே தங்கியது. தனலெட்சுமி அதைத் தொடாமல் சுற்றிப் பெருக்கினாள். சோறு பிசையும்போது நடுவில் நிறுத்தி விரல்களை மடக்கி நீட்டிப் பார்ப்பாள். கேத்தலில் கையை வைத்துச் சுடுகிறதா என்று பார்ப்பாள். அவன் கண்டும் காணாத மாதிரி வெளியே போய்விடுவான்.

பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போதுதான் வீரய்யாவின் மனைவி கலாராணி போட்டு உடைத்தாள்.

"என்ன கஜா, தனத்துக்குக் கை மரத்துப்போச்சாமே? ஒன்னும் சொல்லலியா ஒங்கிட்ட? ட்ரம்ஸ் அடிக்கிறது காலுல தெரிஞ்சிச்சாம், நீ வாசிச்சது கையில வரவேயில்லையாம். அவங்க அம்மாவுக்கும் மொதல்ல கையிலதான் தொடங்குச்சாம், பெறகு ஒரு பக்கமே வுழுந்துருச்சாம். நாளைக்குப் பதுளைக்கு டொக்டருக்குக் காட்டப் போறா. கொழுந்து எடுக்கிற கை, போனா என்ன பண்றதுன்னு எங்கிட்ட அழுவுறா பாவம்."

வாளி நிரம்பி வழிந்தது. கஜேந்திரன் அதை இழுத்து நகர்த்தினான்.

வெட்கக்கேட்டைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவனுக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? போகட்டுமே என்றுதான். டொக்டர் பார்ப்பார், கைக்கு ஒன்றுமில்லை என்பார், இவள் நிம்மதியாகத் திரும்பி வருவாள், விஷயம் அதோடு அடங்கிவிடும், நாம் வாயைத் திறக்கவே வேண்டாம். வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வரும் வரைக்கும் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வந்தான்.

லயம் முழுக்க வீடு திரும்பியிருந்த நேரம். ஒரு வீட்டில் டிவி, ஒரு வீட்டில் தேங்காய்ச் சம்பல் இடிக்கிற சத்தம். தனலெட்சுமி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். இவனைக் கண்டதும் எழும்பினாள்.

"நாளைக்கு நா பதுளைக்குப் போறேங்க. கைக்குக் காட்டணும். ஒங்ககிட்ட ஒன்னு கேப்பேன், சத்தியம் பண்ணுங்க. நா படுக்கையில வுழுந்துட்டா தயானிய வேலைய விட்டுட்டு வரச் சொல்லக் கூடாது. அவ பொழப்பு கெட்டுறக் கூடாது. என்னைய எப்பிடியாவது நீங்களே பாத்துக்கங்க."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

கஜேந்திரன் போட்ட கணக்கெல்லாம் அந்த இடத்திலேயே செத்தது. அவள் தோளைத் தொட்டுத் திருப்பினான். உதட்டை மட்டும் அசைத்து, "ஒங் கைக்கு ஒன்னுமில்ல," என்றான். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. உதடு எங்கே தெரியும்? மறுபடி திரும்பிக்கொண்டாள்.

"தனம். நா வாசிக்கல."

மெல்லச் சொன்னான். அவளுக்கு விளங்கவில்லை. மலைக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லலாமா என்று பார்த்தால் வெளியே இருட்டிக்கொண்டு வந்தது; கையைப் பிடித்து இழுத்தான், அவள் அசையவில்லை. மழையாவது பெய்யக் கூடாதா? தகரத்தில் மழை விழுந்தால் லயத்தில் எவனுக்கும் எதுவும் கேட்காது. திருவிழா முடிந்த அன்றைக்குப் பாதை சறுக்கப் பெய்த மழை இன்றைக்கு எங்கே போய்த் தொலைந்ததோ.

அவள் வலது காதைக் காட்டினாள். "இங்கிட்டு சொல்லுங்க. ஒன்னும் வெளங்கல."

கஜேந்திரன் கூரையை ஒரு தடவை பார்த்தான். பிறகு அந்தக் காதோடு வாயை வைத்து, அடித்தொண்டையிலிருந்து கத்தினான்.

"திருவிழாவுல நா வாசிக்கவே இல்ல தனம்! சத்தத்த மூடிட்டு, வாசிக்கிற மாதிரி நடிச்சேன்!"

சம்பல் இடித்த சத்தம் நின்றது. டிவியை யாரோ குறைத்தார்கள்.

"என்ன சொல்றீங்க? எதுக்கு?"

"எனக்கு ஒழுங்கா வாசிக்க வராது! ஒரு கம்பியத் தொட்டா மத்தக் கம்பியெல்லாம் சேந்து கத்தும்! வெக்கமா இருந்துச்சு! அதனால மூடிட்டேன்! ஒங் கைக்கு ஒன்னுமில்ல! பெட்டியிலதான் ஒன்னுமில்ல!"

எங்கேயோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. அதன் தலையில் ஒரு குட்டு விழுந்ததும் கேட்டது.

"எத்தன நாளா?"

"பதுளைக் கலியாணத்துல இருந்து!"

தனலெட்சுமி அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அந்தக் கலியாணத்துக் கைதட்டலைத்தான் பெரட்டில் ஒவ்வொருத்தியிடமும் சொல்லியிருந்தாள்.

"நா பெட்டியில கைய வச்சு வச்சுப் பாத்தேனே, அத மேலருந்து பாத்தீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரிய வழியில்லை, லயத்துக்கும் தெரிய வழியில்லை. ஆனால் கஜேந்திரனுக்கு அந்தப் பொய்யைக் கத்த வாய் வரவில்லை.

"பாத்தேன்," என்றான். கத்தவில்லை, அவன் உதட்டைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டாள். லயத்துக்கும் கேட்டது, ஏனென்றால் அப்போது லயத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கூட இல்லை.

அவள் அழவில்லை. வழக்கமான அந்த உரத்த குரலில்தான் சொன்னாள்.

"காது கேக்குற சனம் அம்புட்டுப் பேரும் அங்க இருந்தாங்க. ஒருத்தருக்கும் தெரியல. எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சிச்சு. தெரிஞ்சும் நா எங் கையத்தான் சந்தேகப்பட்டேன். ஒங்கள சந்தேகப்படணும்னு எனக்குத் தோணவே இல்லியே."

சுவருக்கு அந்தப் பக்கம் கலாராணி மூக்கை உறிஞ்சினாள்.

"பெட்டியப் போடுங்க," என்றாள் தனலெட்சுமி.

"இப்பவா?"

"இப்பத்தான். போடுங்க."

வயரைச் செருகினான். திருகைக் கூட்டினான். திருவிழாவில் வாசிப்பதாக நடித்த அதே அம்மன் பாட்டைத் தொடங்கினான். மாதக்கணக்காகப் பழகாத கை, கேட்க வேண்டுமா? நாலு கம்பியும் முனகியது, விரல் நகர்ந்த இடமெல்லாம் கிரீச்சிட்டது, தகரக் கூரை கடகடத்தது. கடைசி வீடு வரைக்கும் போய் முட்டித் திரும்பியது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

தனலெட்சுமி பெட்டியில் கையை வைத்தாள். வைத்த உடனே அவள் தோள் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, "இருக்கு," என்றாள். "கை நல்லாத்தான் இருக்கு." மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பிறகு கண்ணைத் திறந்து அவன் கையைப் பார்த்தாள். "அந்தக் கடைசிக் கம்பி சும்மா ஆடுதே, அதத் தொட்டுக்கங்க." அவன் சுண்டு விரலைப் படுக்க வைத்தான். முனகலில் ஒரு பங்கு குறைந்தது. அடுத்த வரியில் மறந்துபோனான், மறுபடி கத்தியது.

வீரய்யா காவலுக்குப் புறப்பட்டு வாசலைக் கடந்தவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு டோர்ச் லைட்டை அடித்துக்கொண்டு போனார். அவர் நின்றது கஜேந்திரனுக்குத் தெரிந்தது. முகம் எரிந்தது. தன்னையறியாமல் அவன் கை திருகை நோக்கிப் போனது.

"அதுல கை வைக்காதீங்க," என்றாள் தனலெட்சுமி.

கையை எடுத்துக்கொண்டு வாசித்தான். முன்பெல்லாம் அவன் வாசிக்கும்போது அவள் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். இன்றைக்குப் பாட்டு முடியும் வரைக்கும் அந்தத் திருகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.